மலாக்காவை முழுசா பாக்கறது எப்படி: கால வரிசையில ஒரு நடை வழிகாட்டி

கோலாலம்பூர் டூர் பேக்கேஜ் எதை எடுத்தாலும் அதுல மலாக்காவுக்கு ஒரு நாள்னு ஒரு வரி இருக்கும். காலைல பஸ்ல ஏத்தி மத்தியானம் சிவப்பு சர்ச் முன்னாடி இறக்கி விடுவாங்க, ஒரு போட்டோ, ஜோங்கர் ஸ்ட்ரீட்ல ஒரு செண்டோல் (தேங்காப்பால் ஊத்தின ஐஸ் இனிப்பு), சாயங்காலம் திரும்பவும் பஸ். அப்படி போயிட்டு வந்தவங்க "என்னமோ ஒரு சர்ச்சும் இடிஞ்ச கோட்டையும்தான் இருக்கு"ன்னு சொல்லும்போது எனக்கு நிஜமாவே மனசு தாங்காது, ஏன்னா அந்த ஊர்ல 600 வருஷ கதை ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள, நடந்தே பாக்கற தூரத்துல கெடக்கு. பாக்கற வரிசை தெரியலன்னா எல்லாமே பழைய கட்டடமாத்தான் தெரியும். அதனால எது முன்னாடி நடந்துச்சோ அதை முன்னாடி பாக்கற மாதிரி இதை எழுதறேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி

குறைஞ்சது ஒரு ராத்திரியாவது தங்குங்க, ரெண்டு ராத்திரின்னா ரொம்ப நல்லது. கோலாலம்பூர்ல டி.பி.எஸ். பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து மலாக்கா சென்ட்ரலுக்கு பஸ் இருக்கு, டிராபிக் இல்லன்னா ரெண்டு மணி நேரம். அங்கேர்ந்து பழைய டவுன் சில கிலோமீட்டர், கிராப் (டாக்ஸி ஆப்) போட்டுக்கலாம். டிரெயின்ல போகலாம்னு நெனைச்சா கிட்ட இருக்கற ஸ்டேஷன் புலாவ் செபாங், தம்பின் பக்கம், அங்கேர்ந்து இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல வரணும், அதனால பஸ்ஸே மேல். மலேசியாவுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டை ஆன்லைன்ல ஃபில் பண்ணணும், அது இலவசம், காசு கேக்கற சைட்டுல போய் மாட்டிக்காதீங்க.

ஜோங்கர் ஸ்ட்ரீட் நைட் மார்க்கெட் வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலம்தான். அந்த நாள்ல ரூம் வாடகையும் கூட்டமும் ஏறும். திங்கள்கிழமை சில மியூசியம் லீவு, வாரத்து நடுவுல நிறைய கடை மூடியிருக்கும். அதனால வியாழக்கிழமை சாயங்காலம் போய் சேந்து, வெள்ளிக்கிழமை பூரா பாத்துட்டு, அன்னிக்கு ராத்திரியே மார்க்கெட்டையும் முடிச்சுடறதுதான் என் பரிந்துரை. தங்கறத ஆத்தோரமா பழைய டவுனுக்குள்ளயே வச்சுக்கோங்க.

படி 1: ஆத்து முகத்துவாரத்துலேர்ந்து ஆரம்பிங்க

எல்லாரும் சிவப்பு சதுக்கத்துக்குத்தான் மொதல்ல ஓடுவாங்க, நீங்க ஆறு கடல்ல சேர்ற பக்கம் போங்க. ஊர் பொறந்தது அங்கதான். 1400 வாக்குல பரமேஸ்வரான்னு பாலெம்பாங் ராஜவம்சத்து இளவரசர், துமாசிக்லேர்ந்து, அதாவது இன்னிக்கு சிங்கப்பூர் இருக்கற எடத்துலேர்ந்து துரத்தப்பட்டு இங்க வந்து சேந்தார். ஒரு மரத்தடியில ஒக்காந்திருந்தப்போ அவரோட வேட்டை நாயை ஒரு சின்ன சருகுமான் ஆத்துக்குள்ள எத்தி தள்ளிடுச்சாம், மானுக்கே இவ்வளவு வீரம்னா இந்த மண்ணுலதான் நான் ஊர் கட்டுவேன்னு முடிவு பண்ணாராம். இது மலாய் மரபுக் கதை. அந்த மரம் நம்ம நெல்லி மரம்தான், ஊருக்கு அது பேர்லதான் பேரு.

ஆனா ஊர் பெருசானதுக்கு காரணம் காத்து. தென்மேற்கு பருவக்காத்துல இந்தியக் கரையிலேர்ந்து கப்பல் கெழக்க வரும், வாடைக்காத்துல சீனாவுலேர்ந்து கப்பல் தெக்க எறங்கும், ரெண்டு பக்கமும் சந்திக்கற எடத்துல குறுகலான நீர்சந்தியில உக்காந்திருந்துச்சு மலாக்கா. வந்த கப்பல் வந்த வேகத்துல திரும்ப முடியாது, காத்து மாறணும், அதுக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும். காத்திருந்தவன் கோடவுன் கட்டினான், வீடு எடுத்தான், உள்ளூர்லயே கல்யாணம் பண்ணான், புள்ள குட்டின்னு ஆனான். இந்த ஊர்ல நீங்க பாக்கப் போற பாதி விஷயத்துக்கு வேர் இந்த காத்திருப்புதான், இதை மட்டும் மனசுல வச்சுட்டு நடங்க.

சுல்தான் காலத்துல வெளிநாட்டு வியாபாரிகளை கவனிக்க நாலு ஷாபந்தர், அதாவது துறைமுக அதிகாரிங்க. குஜராத்திகளுக்கு ஒருத்தர், நம்ம தென்னிந்திய, வங்காள, பர்மா பக்கத்து ஆளுங்களுக்கு ஒருத்தர், ஜாவா மற்றும் மசாலாத் தீவு பக்கத்துக்கு ஒருத்தர், சீனா, சம்பா பக்கத்துக்கு ஒருத்தர். 84 மொழி பேசற ஆளுங்க இங்க இருந்தாங்கன்னு டோமே பிரெஸ்னு ஒரு போர்த்துகீசியர் எழுதி வச்சிருக்கார். தமிழ் முஸ்லிம் வம்சாவளிக்காரங்க அரண்மனை வரைக்கும் செல்வாக்கா இருந்தாங்க, கடைசி காலத்துல பெண்டஹாராவா, அதாவது முதல் மந்திரியா இருந்த துன் முதாகிர் அந்த வழியில வந்தவர்.

முகத்துவாரம் பக்கத்துல பெரிய மரக் கப்பல் மாதிரி நிக்கறது கடல்சார் மியூசியம். அது ஃப்ளோர் டி லா மார்-ங்கற போர்த்துகீசிய கப்பலோட மாதிரி வடிவம், மலாக்காவுல கொள்ளையடிச்சதை ஏத்திக்கிட்டு போனப்போ 1511ல சுமத்ரா பக்கத்துல மூழ்கிப்போன கப்பல். உள்ள ஏறி பாருங்க, குழந்தைங்களுக்கு ரொம்ப பிடிக்கும்.

படி 2: மலை ஏறுங்க, வெயில் ஏறதுக்குள்ள

சுல்தான் அரண்மனை இருந்த மலைமேல இன்னிக்கு அரண்மனையோட சுவடே கெடையாது. 1511 ஆகஸ்ட்ல போர்த்துகீசிய தளபதி அஃபோன்சோ டி அல்புகெர்க் படையோட வந்து ஊரைப் பிடிச்சார், மசூதிக் கல்லையும் சுல்தான்களோட சமாதிக் கல்லையும் பேத்து எடுத்து கோட்டை கட்டினார். அதான் ஆ ஃபமோசா. அரண்மனை எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுக்க மலையடிவாரத்துல மரத்துல கட்டின சுல்தான் அரண்மனை மியூசியம் இருக்கு, பழைய மலாய் வரலாற்று நூல்ல இருக்கற வர்ணனையை வச்சு 1980கள்ல கட்டினது. அதை மொதல்ல பாத்துட்டு கோட்டை வாசலுக்கு வாங்க.

கோட்டையில மிச்சம் இருக்கறது சான்டியாகோ வாசல் ஒண்ணுதான். டூரிஸ்ட் கூட்டம் வாசலுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு போயிடும், நீங்க தலையைத் தூக்கி வளைவுக்கு மேல பாருங்க, டச்சு கிழக்கிந்திய கம்பெனியோட சின்னமும் 1670-ங்கற வருஷமும் செதுக்கியிருக்கும். போர்த்துகீசியன் கட்டின கோட்டையில டச்சுக்காரன் தன் முத்திரையைக் குத்தினான், அடுத்து வந்த இங்கிலீஷ்காரன் 1807ல மொத்த கோட்டையையும் வெடி வச்சு தகர்த்தான். பின்னாடி சிங்கப்பூர்ல துறைமுகம் போட்ட ராஃபிள்ஸ் தலையிட்டதாலதான் இந்த வாசலாவது தப்பிச்சதா சொல்றாங்க. சின்ன வயசுல அதைக் கண்ணால பாத்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, யானை சைஸ் கல்லும் வீடு சைஸ் கல்லும் ஆகாசத்துல பறந்துச்சுன்னு எழுதியிருக்கார். 1796ல இதே ஊர்ல பொறந்தவர், குடும்ப வழியில நாகூர் தொடர்பு உண்டு, தமிழும் படிச்சவர்.

இன்னொரு விஷயம், அந்தக் காலத்துல கடல் இந்த வாசலுக்கு ரொம்ப கிட்டத்துல இருந்துச்சு. எதிர்ல தெரியற பெரிய மால், ஹோட்டல் எல்லாத்துக்கும் பின்னாடி கடலைத் தூத்து எடுத்த நெலம்தான். இதைத் தெரிஞ்சுக்காம நின்னா கோட்டைய ஏன் இங்க கட்டினான்னே புரியாது.

படி ஏறி மேல போனா செயின்ட் பால் சர்ச், 1521ல சின்ன சேப்பலா கட்டினது, இப்ப கூரை இல்லாம நாலு சுவரு. பிரான்சிஸ் சேவியர் இங்க தங்கி ஊழியம் பண்ணியிருக்கார், நம்ம முத்துக்குளித்துறை பக்கம் வேலை செஞ்ச அதே சேவியர்தான். 1552ல சீனக் கரையோரம் ஒரு தீவுல எறந்த பிறகு அவர் உடம்பை 1553ல இங்க கொண்டுவந்து சில மாசம் அடக்கம் பண்ணி வச்சிருந்து, அப்புறம்தான் கோவாவுக்கு எடுத்துட்டு போனாங்க. அந்த காலியான குழி இப்பவும் கம்பி வலை போட்டு இருக்கு. சுவரோரமா ஆள் உயரத்துக்கு மேல டச்சு கல்லறைக் கல்லுங்க சாத்தி வச்சிருப்பாங்க, கப்பல், மண்டை ஓடு, குடும்ப சின்னம்னு செதுக்கினது, ஒவ்வொண்ணா நின்னு பாருங்க. காலைல எட்டு ஒன்பது மணிக்குள்ள ஏறிடுங்க, அதுக்கப்புறம் வெயில் வாட்டி எடுத்துடும்.

படி 3: சிவப்பு சதுக்கம், டச்சு காலம்

மலையிலேர்ந்து மறுபக்கம் எறங்கினா டச்சு ஸ்கொயர். 1641 ஜனவரியில ஜொகோர் சுல்தான் உதவியோட டச்சுக்காரங்க ஊரைப் பிடிச்சாங்க. ஸ்டாட்ஹவுஸ்ங்கற பெரிய கட்டடம் அவங்களோட கவர்னர் மாளிகை, ஆபீஸ் எல்லாம், இப்ப வரலாற்று மியூசியம். கிறைஸ்ட் சர்ச், ஊரைப் பிடிச்ச நூறாவது வருஷ நினைவா 1741ல ஆரம்பிச்சு 1753ல முடிச்சது. டச்சு காலத்துல இதெல்லாம் வெள்ளைக் கட்டடம், சிவப்பு பெயிண்ட் இங்கிலீஷ்காரன் காலத்துல வந்தது.

சர்ச்சுக்குள்ள போகாம திரும்பாதீங்க. மேல ஓடற உத்தரம் ஒவ்வொண்ணும் 48 அடி, ஒட்டு இல்லாம ஒரே மரத்துல எடுத்தது. தரையைப் பாத்தா ஆர்மீனிய மொழியில எழுதின ஒரு கல்லறைக் கல்லு பதிச்சிருக்கும், எங்கேர்ந்தெல்லாம் இங்க வியாபாரத்துக்கு வந்திருக்கான்னு அந்த ஒரு கல்லு சொல்லிடும்.

டச்சுக்காரனுக்கு தலைநகர் படாவியா, இன்னிக்கு ஜகார்த்தா. அதனால வியாபாரத்தை அங்க இழுத்துட்டான், மலாக்கா கொஞ்சம் கொஞ்சமா மங்கிப்போச்சு. பின்னாடி 1786ல பினாங்கு, 1819ல சிங்கப்பூர்னு இங்கிலீஷ்காரன் புதுத் துறைமுகம் போட்டதும் மிச்சமும் போச்சு. பழசை இடிச்சு புதுசு கட்ட யாருக்கும் தேவையே வரல, அதனாலதான் தெருவெல்லாம் அப்படியே தங்கிடுச்சு, 2008ல பினாங்கு ஜார்ஜ் டவுனோட சேத்து யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துச்சு.

சதுக்கத்துல நிக்கற மணிக்கூண்டு 1886ல ஒரு சீன வியாபாரி குடும்பம் கட்டினது. பொம்மையும் பாட்டுமா ட்ரைஷாக்காரங்க (சைக்கிள் ரிக்ஷாக்காரங்க) கூப்பிடுவாங்க, ஏறதுன்னா ரேட்டை முன்னாடியே பேசிக்கோங்க.

படி 4: இங்கிலீஷ்காரன் காலம், சுதந்திரம்

இது சீக்கிரம் முடியும். 1824 ஒப்பந்தத்துல சுமத்ராவுல இருந்த பென்கூலனைக் குடுத்துட்டு மலாக்காவை நிரந்தரமா வாங்கிக்கிட்டான், 1826ல பினாங்கு, சிங்கப்பூரோட சேத்து நீர்சந்திக் குடியேற்றம்னு ஆக்கினான். கோட்டை வாசலுக்கு பக்கத்துல பழைய மலாக்கா கிளப் கட்டடத்துல சுதந்திரப் பிரகடன நினைவகம் இருக்கு, 1956 பிப்ரவரி 20ஆம் தேதி பின்னாடி நாட்டோட மொதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாள அறிவிச்சது அதுக்கு எதிர்ல இருந்த திடல்லதான். மேடைப் பேச்சுக்கு ஏன் தலைநகரை விட்டுட்டு இங்க வந்தார்னா, நாடு அடிமையாக ஆரம்பிச்ச ஊர் இது.

படி 5: பாலத்தைக் கடங்க

சதுக்கத்துலேர்ந்து ஜோங்கர் பக்கம் போற தான் கிம் செங் பாலம் சின்னதுதான், ஆனா 1511 சண்டையோட முக்கியமான மோதல் ஏறக்குறைய இந்த எடத்துல இருந்த பழைய மரப்பாலத்துக்காகத்தான் நடந்துச்சு. அரண்மனை ஒரு கரையில, வியாபாரிங்க மறு கரையில, பாலத்தைப் பிடிச்சா ஊரை ரெண்டா வெட்டிடலாம். அந்த வியாபாரிங்கள்ல ஒருத்தர் தமிழ் இந்து, போர்த்துகீசிய பதிவுகள்ல நினா சட்டுன்னு வரும். 1509ல சிறையில மாட்டின போர்த்துகீசியருக்கு உதவினவர், ஊர் கைமாறினதும் அவரையே பெண்டஹாராவா ஆக்கினாங்க.

பாலம் தாண்டி ஜோங்கர்ல நொழையாம, கொஞ்சம் தள்ளி துக்காங் எமாஸ் தெருவுக்கு போங்க. அதுவும் அதைத் தொட்டு வர்ற தோகோங் தெருவும்தான் ஊரோட உயிர்னு நான் சொல்லுவேன். மொதல்ல ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். 1781ல டச்சு அரசாங்கம் குடுத்த நெலத்துல தைவநாயகம் செட்டி தலைமையில கட்டினது, மலேசியாவுல இன்னிக்கும் பூஜை நடக்கற இந்துக் கோயில்கள்லயே பழசு. பெரிய கோபுரத்தைத் தேடாதீங்க, ஓட்டு வீட்டு அமைப்புல அடக்கமா இருக்கும். மாசி மகத்துக்கு இங்கேர்ந்து முருகன் ரதத்துல செங் பக்கத்துல இருக்கற சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு போவார், நகரத்தார் நடத்தற திருவிழா, அந்த சமயத்துல போக முடிஞ்சா கண்டிப்பா போங்க.

அங்கேர்ந்து சில வீடு தள்ளி கம்போங் கிளிங் மசூதி, 1748ல தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிங்க மரத்துல கட்டி 1872ல செங்கல்லுக்கு மாத்தினது. வெங்காயக் குவிமாடம் கெடையாது, மூணடுக்கு பிரமிட் கூரை, மினார் சீன பகோடா மாதிரி, உள்ள ஐரோப்பிய பாணித் தூணு. இன்னும் நடந்தா 17ஆம் நூற்றாண்டு செங் ஹூன் தெங் சீனக் கோயில், கூரை விளிம்பு பூரா உடைஞ்ச பீங்கான் துண்டை வெட்டி ஒட்டியே பூவும் பறவையும் பண்ணியிருப்பாங்க, கழுத்து வலிச்சாலும் அண்ணாந்து பாருங்க. ஊதுபத்தி வாசனையும் பாங்கு சத்தமும் ஒரே தெருவுல. மசூதிக்குள்ள போக தோள், முழங்கால் மூடின டிரஸ் வேணும்.

படி 6: துன் தான் செங் லாக் தெரு

ஜோங்கருக்கு இணையா போற இந்தத் தெருவை பழைய ஆளுங்க ஹீரன் ஸ்ட்ரீட்னு சொல்லுவாங்க, பணக்கார பாபா ஞோஞ்யா குடும்பங்க வாழ்ந்த தெரு. சீன வியாபாரிங்க உள்ளூர்ப் பொண்ணுங்களைக் கட்டி உருவான சமூகம் இவங்க, சாமி சீனச் சாமி, பேச்சு மலாய், சாப்பாடு ரெண்டும் கலந்தது. பாபா ஞோஞ்யா ஹெரிடேஜ் மியூசியத்துல கைடோட போற டூர் எடுங்க, சும்மா சுத்தினா முத்து கோத்த செருப்பும் செதுக்கின மரமும்தான் தெரியும், கைடு சொன்னாத்தான் அந்த வீட்டுப் பொண்ணுங்க ஒளிஞ்சு நின்னு விருந்தாளியைப் பாத்த எடமெல்லாம் புரியும். முன்னாடி குறுகலா பின்னாடி நீளமா போற வீடு, நடுவுல வானம் தெரியற முத்தம், செட்டிநாட்டுக்காரங்களுக்கு உடனே பிடிச்சுப்போகும். அதே தெருவுல 8ஆம் நம்பர் வீடு, 18ஆம் நூற்றாண்டு டச்சு காலத்து வீட்டை அலங்காரம் எதுவும் இல்லாம சீர்படுத்தி வச்சிருக்காங்க, அதையும் விட்டுடாதீங்க.

படி 7: காஜா பெராங், மலாக்கா செட்டிகள்

இது பேக்கேஜ்ல வராது. பழைய டவுன்லேர்ந்து ஒரு குறைஞ்ச கிராப் சவாரிதான், கம்போங் செட்டின்னு போடுங்க. சுல்தான் காலத்துல வந்து காத்துக்காகக் காத்திருந்தாங்கன்னு சொன்னேன்ல, அந்த தமிழ் வியாபாரிங்க உள்ளூர்ப் பொண்ணுங்களைக் கட்டி இங்கயே தங்கினாங்க, அவங்க வம்சம் இவங்க. தமிழ் பேச்சு போயிடுச்சு, வீட்டு மொழி மலாய், பொம்பளைங்க பாரம்பரிய உடுப்பு கெபாயாவும் சாரோங்கும், ஆனா சைவ வழிபாட்டை விடல. 500 வருஷத்துல மூணு ஐரோப்பிய ஆட்சியும் ஜப்பான்காரனும் வந்துட்டு போயாச்சு, இங்க மாரியம்மனுக்கு விளக்கு அணையல.

செட்டி மியூசியம் சின்னதுதான், கல்யாண உடை, பாத்திரம், பழைய போட்டோ, நிதானமா பாருங்க. பக்கத்துலயே 1822ல கட்டின முத்து மாரியம்மன் கோயில், ஏப்ரல் கடைசி, மே வாக்குல பெரிய திருவிழா நடக்கும். போகி அன்னிக்கு இவங்க பார்ச்சுன்னு ஒண்ணு செய்வாங்க, எறந்துபோன முன்னோருக்கு பிடிச்சதை எல்லாம் சமைச்சு வாழை எலையில படைக்கறது. எலையில நாசி லெமாக்கும் (தேங்காப்பால் சோறு) சம்பல் பெலாச்சானும் (எறால் விழுது சேத்த மொளகா சட்னி) இருக்கும், முன்னாடி விளக்கும் சாம்பிராணியும் இருக்கும். நம்ம வீட்டுப் படையலை அப்படியே வேற கைமணத்துல பாக்கற மாதிரி இருக்கும். இது மக்கள் குடியிருக்கற தெரு, அதனால வீட்டு வாசல்ல போய் கேக்காம போட்டோ எடுக்காதீங்க, தமிழ்ல பேசச் சொல்லி தொந்தரவும் பண்ணாதீங்க, சிரிச்சு ஒரு வணக்கம் சொன்னா போதும்.

படி 8: சாயங்காலமும் சாப்பாடும்

நேரம் இருந்தா புக்கிட் சீனா, 12,000க்கு மேல சீனக் கல்லறை இருக்கற மலை, அடிவாரத்துல, சுல்தானைக் கட்டிக்க சீனாவுலேர்ந்து வந்ததா சொல்ற ஹாங் லி போ இளவரசி கதையோட ஒரு பழைய கிணறு. சாயங்காலம் புலாவ் மலாக்காவுல செலாட் மசூதி, தண்ணி ஏறும்போது மெதக்கற மாதிரி தெரியும். இருட்டினதும் ரிவர் குரூஸ், முக்கால் மணி நேரம், கம்போங் மோர்டென் மலாய் கிராமத்தைத் தாண்டி போய் திரும்பும்.

ஒரு ராத்திரி சாப்பாட்டை உஜோங் பாசிர்ல இருக்கற போர்த்துகீசிய குடியிருப்புல வச்சுக்கோங்க. போர்த்துகீசியரும் உள்ளூர் மக்களும் கலந்த கிறிஸ்தாங் சமூகம் அங்க மீன் பிடிச்சு வாழ்ந்துட்டு வருது, ஜூன் 29 செயின்ட் பீட்டர் திருவிழாவுல படகெல்லாம் அலங்கரிப்பாங்க. கடலோரக் கடையில சுட்ட மீனும் டெபால் கறியும் கேளுங்க, வினிகரும் கடுகும் சேத்த காரமான கறி.

டவுனுக்குள்ள சிக்கன் ரைஸ் பால், ஞோஞ்யா லக்சா, அசாம் பெடாஸ் மீன் குழம்பு. வேர்க்கடலைக் குழம்பு கொதிக்கற பானையில குச்சியை முக்கி முக்கி சாப்பிடற சத்தே செலுப் ரெண்டு மூணு பேரா போனாத்தான் நல்லாருக்கும். செண்டோல்ல ஊத்தறது குலா மலாக்கா, தென்னம்பாளையில எறக்கின பதநீரைக் காய்ச்சி எடுத்த வெல்லம். சைவம்னா ஞோஞ்யா கடையில ஜாக்கிரதை, காய்கறியிலயும் எறால் பெலாச்சான் இருக்கும், செங் ஹூன் தெங் மாதிரி சீனக் கோயில் பக்கத்துல இருக்கற சீன சைவக் கடையோ தமிழ் வாழை எலைக் கடையோ பாத்துக்கோங்க.

வீட்டுக்கு வாங்கிட்டு போகணும்னா குலா மலாக்காவே போதும், உருளையா கட்டி விப்பாங்க, கலப்பு இல்லாததுன்னா நிறம் அடர்த்தியா இருக்கும், கையில வச்சாலே கொஞ்சம் பிசுபிசுக்கும். திரும்பறது ஞாயித்துக்கிழமையா இருந்தா, அதுவும் சிங்கப்பூர் பக்கம் போறவங்க, காலை பஸ்ஸுக்கே டிக்கெட் போட்டுடுங்க, சாயங்காலம் பார்டர்ல ரொம்ப நேரம் நிக்க வேண்டி வரும்.